திரை நிற்கத் தெரு நின்றது

ஆவுடையின் கணினித் திரை முதன்முதலாக உறைந்தபோது அச்சாபீஸ் தெருவும் அதனோடு சேர்ந்து உறைந்தது. ஐப்பசி மாதத்து முற்பகல் அது. காதுகுத்து விழாவுக்கான பிளக்ஸ் பேனரில் தாய்மாமன்மாரின் முகங்களை வயது வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தவள், மூன்றாவது மாமனின் மீசையருகே அம்புக்குறி அசையாமல் நின்றுவிட்டதைக் கண்டு, மவுஸை ஆட்டிப் பார்த்தாள், கீபோர்டைத் தட்டிப் பார்த்தாள், ஒன்றும் நடவாமற்போகவே சலிப்போடு வாசற்பக்கம் திரும்பினாள். திரும்பியவள், எதிர்வரிசையில் செய்யது ஆற்றிக்கொண்டிருந்த தேநீர் மேல் குவளைக்கும் கீழ்க் குவளைக்கும் நடுவே பழுப்பு நாடாவாகத் தொங்குவதையும், பூக்காரி பேச்சித்தாய் தெளித்த தண்ணீர் மல்லிகைக் கூடைக்கு மேலே பாசிமணிகளாகச் சிதறி நிற்பதையும், அழைப்பிதழ்க் கடைத் தங்கப்பழம் அண்ணாச்சி கொட்டாவிக்குத் திறந்த வாயை மூடாமல் இருப்பதையும் பார்த்தாள். தெருவின் அச்சியந்திரங்கள் அத்தனையும் ஓசையடங்கியிருந்தன. கூப்பிட்டாள், எவரும் திரும்பவில்லை. கணினி நின்றுபோனால் யாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: பெட்டியின் பொத்தானை அழுத்தி மறுபடி தொடங்கினாள். திரை கறுத்து வெளுத்தது. தேநீர் விழுந்தது, தண்ணீர் விழுந்தது, அண்ணாச்சி வாயை மூடினார், சேமித்து வைக்காத மாமன்மார் அனைவரும் அழிந்துபோனார்கள்.

தெருவில் யாரும் அதை அதிசயம் என்று சொல்லவில்லை. சங்கரன்கோவிலில் மின்சாரம் நிற்கும், குழாய்த் தண்ணீர் நிற்கும், தேர்கூடச் சில ஆண்டுகளில் முக்குத் திரும்பாமல் நிற்கும். அவற்றோடு இதுவும் ஒன்றாயிற்று. நின்றவர்களுக்கு நின்றது தெரியாது. கோயிலின் உச்சிகால மணிக்கும் தங்கள் கடைக் கடிகாரத்துக்கும் பொருத்தமில்லாமல் போவதைக் கண்டுதான் முதலில் ஐயுற்றார்கள். பிறகு தேரடியில் காய் விற்பவர்கள் வந்து, "நீங்க எல்லாரும் சித்த நேரம் மரப்பாச்சி கணக்கா நின்னிய" என்று சொன்னபோது, "அப்படியா, எனக்கென்னமோ தூக்கம் தெளிஞ்ச மாதிரி இருக்கு" என்று தங்கப்பழம் அண்ணாச்சி சொல்லிவிட்டுத் தம் கடிகாரத்தைத் திருத்திவைத்தார். சில நாட்களில் திருத்துவதையும் விட்டுவிட்டார். செய்யது தன் கடையில் இரண்டு கடிகாரங்களை மாட்டினான். ஒன்றின் கீழே 'ஊர்' என்றும் மற்றொன்றின் கீழே 'தெரு' என்றும் எழுதினான். தை பிறப்பதற்குள் தெருக் கடிகாரம் ஊர்க் கடிகாரத்துக்கு அரை நாள் பின்தங்கியிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணின் வயது ஊர்க் கணக்கிலா தெருக் கணக்கிலா என்று கேட்டுத் தெளிந்துகொண்டார்கள். உறைவு நேரத்தில் பூ வாடுவதில்லை என்பதைப் பேச்சித்தாய் கண்டுபிடித்துச் சொல்லவே, பூச்சந்தையில் விற்காமற்போன கூடைகளையெல்லாம் கொண்டுவந்து, திரை எப்போதாவது நிற்காதா என்ற நப்பாசையில் அத்தெருவின் இரு மருங்கும் வைத்துவிட்டுப் போனார்கள். மார்கழி முழுவதும் அச்சு மையின் வாசனையை மல்லிகையின் வாசனை அமுக்கிவைத்திருந்தது.

ஆவுடை மட்டும் நிற்பதில்லை. மவுஸைப் பிடித்த கைக்குத்தான் அந்த விலக்கு என்று எண்ணிய தங்கப்பழம் அண்ணாச்சி, தெரு நிற்பதைத் தாமும் ஒருமுறை கண்ணாரப் பார்க்க வேண்டும் என்று விரும்பி, ஒருநாள் அவளை எழுப்பிவிட்டுத் தாமே அவளது நாற்காலியில் உட்கார்ந்து, உண்ட மயக்கத்தோடு மவுஸைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். திரை நின்றது, அவரும் நின்றார். பேச்சித்தாயிடம் பூ வாங்கிக்கொண்டிருந்த ஆவுடை வந்து பொத்தானை அழுத்தி அவரை மீட்க வேண்டியதாயிற்று. "கையில இல்ல தாயி, பொருளுக்கு உடையவ யாரோ அவதான் நிக்கமாட்டா போலுக்கு" என்று அவர் தம் தோல்வியைச் சட்டமாக்கி அறிவித்தார். அதற்குப் பிறகு அத்தெருவில் எல்லாரும் அறிந்த ஒரு விதியாக அது நிலைத்தது. உடையவள் தொட்டால் தொட்ட பொருளும் அவளோடு நடமாடும், ஆளைத் தொட்டால் ஆள் அசைவதில்லை என்பது அடுத்த விதி. வீழ்கிற வழியில் நின்ற கண்ணாடிக் கோப்பையை அவள் எடுத்தால் பஞ்சுபோல் நின்றிருந்த ஆவி அவள் கையில் மேலெழும், தேநீர் ஆறும்.

ஆகவே உறைவுக் காலங்களில் அவளுக்கு வேலை மிகுதியாயிற்று. ஏணியிலிருந்து சறுக்கி அந்தரத்தில் நின்ற சுவரொட்டிக்காரனுக்கு அடியில் பழைய பேனர்ச் சுருள்களை இழுத்துப் போட்டிருக்கிறாள். காகிதம் வெட்டும் கத்திக்கும் ஒரு விரலுக்கும் நடுவே இருந்த நூலிடைவெளியில் அட்டையைச் செருகியிருக்கிறாள். தெருமுனைக்கு ஓடி, விவரம் அறியாத வெளியூர்க்காரர்கள் உள்ளே வந்து நின்றுவிடாதபடி சிவப்புத் துணி கட்டிய முக்காலியைக் குறுக்கே வைத்திருக்கிறாள். எல்லாம் முடித்துத் திரும்பி வந்து பொத்தானை அழுத்துவாள். கீழே விழுந்தவன் எழுந்து, பேனர்ச் சுருளைத் தட்டிவிட்டு, "ஆவுடையக்கா வந்துட்டுப் போயிருக்கா" என்பான். அவ்வளவுதான் நன்றி. அவளும் அதற்குமேல் எதிர்பார்த்தவளல்லள். ஆனால் இத்தனை பேர் நிற்கும் தெருவில் தான் ஒருத்தி மட்டும் நடக்கும்போது தன் செருப்பின் ஓசை தனக்கே பெரிதாகக் கேட்பதை யாரிடமும் சொல்ல அவளுக்கு வகை தெரியவில்லை.

ஒருத்தியிடம் மட்டும் சொன்னாள். எதிரே, செய்யது கடைக்குப் பக்கத்தில், உலகம்மை தையலகம் இருந்தது. உலகம்மை அவளுக்கு நேர் மூத்தவள். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போன பிறகு, மணம் வேண்டாமென்று இருந்துவிட்ட தங்கைக்கு எதிர்க்கடையைப் பிடித்துக்கொடுத்தவளும் அவள்தான். நாள்தோறும் மதியம் தூக்குச்சட்டியோடு தெருவைக் கடந்து வந்து, சொதியும் இஞ்சிப் பச்சடியும் பரிமாறி, தங்கை தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பவளும் அவள்தான்.

"எல்லாரும் நிக்கும்போ உன் கடை வாசல்லயும் வந்து நிப்பேன்க்கா. நீ ஊசியில நூல் கோக்கறாப்ல நிப்பே. கூப்பிடுவேன். திரும்ப மாட்டே. ஒரு மாதிரி இருக்கும்" என்றாள் ஆவுடை.

"நின்னுட்டு இருக்கவ எப்படிட்டி திரும்புவா? சோத்தைத் தின்னு" என்றாள் உலகம்மை.

கணினிகளைப் பழுதுபார்க்கும் தொழில் உலகம்மையின் கணவன் நயினாருடையது. சங்கரன்கோவிலில் பாதிக் கடைகளின் பெட்டிகளை அவன்தான் திறந்து மூடினான். உலகம்மையின் தையலகத்தில் ஓடிய எம்பிராய்டரி இயந்திரத்துக்கான கணினியைச் சேர்த்துக் கட்டியவனும், ஆவுடையின் கணினியைச் சேர்த்துக் கட்டியவனும் அவனே. உறைவு தொடங்கிய நாளிலிருந்து அவன் வாரந்தோறும் வந்தான். வரும்போதே குரல் கொடுத்துக்கொண்டு வருவான்.

"என்ன கொழுந்தியா, இன்னைக்கு எத்தனை பேரை நிக்க வச்சே?"

"நீங்க ஒழுங்கா ரிப்பேர் பாத்தா நான் ஏன் அத்தான் நிக்க வைக்கேன்?"

"நின்னா நல்லதுதானட்டி, வயசு ஏறாது. உங்க அக்காவைப் பாரு, கல்யாணத்துல பாத்த மாதிரியே இருக்கா."

"கல்யாணத்துலயும் உங்களைப் பாத்து முறைச்சிக்கிட்டுதான் இருந்தா."

இப்படிச் சிரித்துக்கொண்டே அவன் பெட்டியைத் திறந்தான். முதலில் திரைக்குச் செல்லும் கேபிளை மாற்றினான், தெரு நின்றது. தன் வீட்டு மானிட்டரைக் கொண்டுவந்து பூட்டினான், தெரு நின்றது. ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டினான், தெரு நின்றது. டிரைவர் மென்பொருளை வேரோடு நீக்கிப் புதிதாகப் பதிந்தான், மின்சாரம் பகிரும் பெட்டியை மாற்றினான், பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மேசை விசிறியை உள்ளே முகம் காட்டும்படி வைத்தான். விசிறி சுழலச் சுழலத் தெரு நின்றது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது, மாற்றியபின் பொறுத்துப் பார்ப்பது, பிழை தொடர்ந்தால் அதைக் குற்றமற்றதென்று விடுவித்து அடுத்ததற்குப் போவது என்ற அந்த ஒழுங்கு ஆவுடைக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொன்றாக விடுதலையாகிக்கொண்டே வந்து, கடைசியில் படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றுதான் மிஞ்சியது.

"அதையும் கழத்திப் பாத்துருவோமா அத்தான்?"

நயினார் திருப்புளியைப் பையில் போட்டான். "அதுல கைவைக்க வேண்டாம். நீ வச்ச சந்தனம் போதும்."

ஆவுடைக்கு முகம் சுண்டிப்போயிற்று. அச்சாபீஸ் தெருவில் ஆயுத பூசைக்கு இயந்திரங்களின் வெளிப்புறத்துக்கு மட்டும் பொட்டு வைத்தால் பூசை பாதிதான் என்பார்கள். உருளை, பல்சக்கரம், கத்தி எல்லாவற்றையும் திறந்து உள்ளே சந்தனமும் குங்குமமும் இடுவது அங்கே வழக்கம். அந்த வழக்கத்தைக் கணினிக்கும் பொருத்தி, போன ஆயுத பூசைக்கு முந்தின நாள், நயினார் தூசு தட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்தபோது, அவள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து விசிறிக்கொன்று, ரேமுக்கொன்று, கார்டின் நெற்றிக்கொன்று என்று பொட்டு வைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே பார்த்திருந்தான். மீதித் தூசைக் கடையில் வைத்துத் தட்டுவதாகச் சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். பூசையன்று காலை கொண்டுவந்து வைத்தான்.

"ஈரம் உள்ள இறங்கிட்டு. கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல பிடிச்சுக்கிட்டு இருக்கு. இழுத்தா ரெண்டும் போயிரும். அப்படியே ஓட்டு. நின்னா உடனே பொத்தானை அமுக்காதே, அடிக்கடி அமுக்குனா அதுவும் செத்துப்போகும், கொஞ்சம் பொறு, தானா வரும்" என்றான்.

அவளும் அப்படியே ஓட்டினாள், அப்படியே பொறுத்தாள். தெருவினர் இழந்த நேரமெல்லாம் தன் ஒரு விரல் சந்தனத்தால் போயிற்றே என்று எண்ணியெண்ணி, நின்றவர்களின் நடுவே முன்னிலும் வேகமாக ஓடி ஓடி, விழுவதைப் பிடித்தாள், நழுவுவதைத் தாங்கினாள். யாரும் கேட்காமலே அவள் செய்த அந்தப் பிராயச்சித்தம் ஆடித் தபசுவரை நடந்தது.

ஆடித் தபசன்று, ஒற்றைக்காலில் தவமிருக்கும் கோமதி அம்மனுக்குச் சுவாமி காட்சி கொடுக்கும் மாலைப்பொழுதுக்காக ஊர் ஓராண்டு காத்திருக்கிறது. அச்சாபீஸ் தெருவினர் அன்று கடையடைத்து, குளித்து, பட்டுடுத்தி, காணிக்கையாகச் சப்பரத்தின்மேல் எறிவதற்குப் பருத்தியும் மிளகாய் வற்றலும் மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு புறப்படுகிற வேளையில், வரவேற்பு பேனர் ஒன்றில் கடைசித் திருத்தம் செய்துகொண்டிருந்த ஆவுடையின் திரை நின்றது. பட்டுச் சேலைகளும் வெள்ளை வேட்டிகளும் மூட்டைகளுமாய்த் தெரு நின்றது. அவள் விரல் பொத்தானுக்குப் போயிற்று. அத்தான் சொன்னது நினைவுக்கு வர, விரலை மடக்கிக்கொண்டாள். பொறுத்தாள். தேரடிப் பக்கமிருந்து மேளம் கேட்டது, பிறகு வேட்டுச் சத்தம் கேட்டது, பிறகு ஊரே ஒரு குரலாய் எழுப்பிய முழக்கம் கேட்டது. அதற்குமேல் தாங்காமல் அவள் பொத்தானை அழுத்தியபோது, தெருவினர் உற்சாகமாகப் புறப்பட்டுப் போய், எதிரே திரும்பி வந்துகொண்டிருந்த கூட்டத்தைச் சந்தித்தார்கள்.

வயதுக்கணக்கைப் பொறுத்தவர்கள், அரை நாளைப் பொறுத்தவர்கள், அதை மட்டும் பொறுக்கவில்லை. மறுநாள் தங்கப்பழம் அண்ணாச்சியின் கடைமுன் தெருச் சங்கம் கூடியது.

"எங்கம்மை எண்பது வயசுல தபசு பாக்கணும்னு வந்து நின்னா. நின்னாளே தவிரப் பாக்கல" என்றார் ஒருவர்.

"பூ வாடலன்னு நான் சந்தோசப்பட்டவதான். ஆனா இது ஆகாது ஆவுடை" என்றாள் பேச்சித்தாய்.

நயினார் எழுந்தான். "எல்லாரும் பெரிய மனசு பண்ணணும். பக்தியில செஞ்சுட்டா. உள்ள ஈரம் படும்னு அவளுக்குத் தெரியல. பொம்பளப் பிள்ளை, சந்தனத்தை அப்பிட்டா" என்று அவளுக்காகப் பரிந்து பேசினான். தெரு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது. சந்தனச் செய்தி அதுவரை அவர்கள் மூவருக்குள் இருந்தது.

ஆவுடை அக்காளைத் தேடினாள். உலகம்மை பெண்கள் வரிசையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆவணி பொறக்கதுக்குள்ள மிசினைச் சரிபண்ணணும் தாயி. இல்லன்னா கடையை வேற தெருவுக்கு மாத்திக்கோ. எங்களுக்கும் மனசு இல்லதான்" என்று அண்ணாச்சி முடித்தார். விழுந்து அடிபடாதபடி அவள் யாரையெல்லாம் தாங்கினாளோ அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் தங்கள் கடைகளுக்குப் போனார்கள்.

ஆடி முடிய ஒரு வாரம் இருந்தபோது நயினார் ஒருநாள் காலையில், தேநீர்க் கோப்பையும் கையுமாக அவள் கடை வாசற்படியில் நின்று, புதிய இடத்துக்குப் பெட்டியைத் தானே தூக்கிவந்து தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லின் நடுவே திரை நின்றது. அவனும் நின்றான், உதடு பிரிந்தபடி, கோப்பை நெஞ்சுயரத்தில் இருந்தபடி. ஆவுடை வழக்கம்போல் எழுந்து தெருமுனைக்குப் போய் முக்காலியை வைத்தாள். பேச்சித்தாயின் தராசிலிருந்து சரிந்த பூப்பந்தை ஏந்திக் கூடையில் இட்டாள். செய்யது கடை மேசையில் வரிசையாக இருந்த கோப்பைகளின் மேல் ஆவி பஞ்சுபஞ்சாய் நிற்பதைப் பார்த்துக்கொண்டு, அத்தான் சொன்னபடி பொறுத்து நின்று, மெல்லத் திரும்பி வந்தாள். படியேறும்போது நயினாரின் கோப்பை அவள் கண்ணுக்கு நேரே வந்தது.

அதில் ஆவி இல்லை. தேநீரின் மேல் ஆடை படர்ந்திருந்தது. ஓரத்தில் சுருக்கம் விழுந்த, தடித்த, நெடுநேரம் ஆறிய பாலாடை.

அவள் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவன் இமைத்திருப்பான். இமைத்தால் இருவரும் ஏதாவது பேச வேண்டியிருக்கும். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். வாசலில் நயினார் நிறுத்திய இடத்திலிருந்தே, "...நானே தூக்கிட்டு வாரேன், நீ ஒண்ணும் அலைய வேண்டாம்" என்று வாக்கியத்தை ஒரு பிசகுமில்லாமல் முடித்தான். எத்தனை நாட்கள் பழகியிருந்தால் அவ்வளவு தேர்ச்சி வரும் என்று அவள் நினைத்தாள்.

பொருளுக்கு உடையவர் நிற்பதில்லை. அவன் நிற்கவில்லை. ஆகவே அவள் பெட்டிக்குள் அவனுடைய பொருள் ஒன்று இருக்கிறது. ஒன்றையடுத்து ஒன்றாய் வந்த இந்த மூன்றையும் அன்று பகல் முழுவதும் உடைத்துப் பார்க்க முயன்றாள், உடையவில்லை. மறுநாள் நயினார் தென்காசிக்குப் போனதை உறுதிசெய்துகொண்டு, கணினியை அணைத்து, பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து, எதை இழுத்தால் எல்லாம் போய்விடும் என்று சொல்லப்பட்டதோ அதன் திருகைக் கழற்றி, பிடியை அழுத்தி, இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது. எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, எங்கும் ஈரம் இறங்கியிருக்கவில்லை. விசிறியில் அவள் வைத்த பொட்டு இருந்தது, ரேமில் வைத்த பொட்டு இருந்தது, காய்ந்து, விரல்ரேகைகூட அழியாமல். கார்டின் நெற்றியில் பொட்டு இல்லை. அது அவளுடைய கார்டே இல்லை. அதன் சிறிய விசிறிகளின் அச்சில், அரக்கும் கிளிப்பச்சையும் மயில்கழுத்து நீலமும் ஜரிகையுமாய், எம்பிராய்டரி நூலின் பிசிறுகள் சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்தன. அவற்றை மீறிச் சுழல முடியாமல்தான் அந்தக் கார்டு சூடேறிச் சூடேறி நின்றிருக்கிறது. எதிர்க்கடை எம்பிராய்டரிக் கணினியில் இருந்தவரை அது பூவையும் கொடியையும் மாங்காயையும் மட்டுமே காட்டியது. நின்றபோது அவை மட்டுமே நின்றன. இவள் திரைக்கு வந்தபின்தான் அது தெருவின் முகங்களைக் காட்டத் தொடங்கியது.

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இந்தக் கார்டைக் கையில் பிடித்துத் தெருவின் நடுவே நின்றால் போதும். கடை தப்பும், பெயர் தப்பும். ஆனால் அப்படி நிற்கும்முன் அவள் ஒன்றை அறிய வேண்டியிருந்தது. அத்தான் ஓர் அந்நியன். எந்தத் தாலிக்குப் பின்னும் அந்நியன். அக்காளுக்குத் தெரியாமல் அவன் இதைச் செய்திருந்தால், கடை போனால் போகட்டும், அவள் வாயைத் திறக்காமலே வேறு தெருவுக்குப் போய்விடுவாள். நாள்தோறும் எதிரே உட்கார்ந்து, தின்று முடிக்கும்வரை பார்த்திருந்தவளுக்குத் தெரியாமல் இருக்கட்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. நூற்பிசிறுகளை அகற்றாமல், கார்டை இருந்த இடத்திலேயே செருகி, தகட்டை மூடி, கணினியை ஓடவிட்டுக் காத்திருந்தாள்.

திரை அன்று நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. அதற்கடுத்த நாள், நயினார் மீண்டும் வெளியூர் போயிருந்த முற்பகலில், கண்ணீரஞ்சலிச் சுவரொட்டி ஒன்றின் ரோசாமாலையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது நின்றது.

அவள் முக்காலியை எடுக்கவில்லை; எவரையும் தாங்கவில்லை. நேரே தெருவைக் கடந்து உலகம்மையின் தையலகத்துக்குள் நுழைந்தாள். உலகம்மை, ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த பேச்சித்தாயின் தோளில் டேப்பின் ஒரு நுனியை அமுக்கி, மறு நுனியைப் பிடித்த கையைத் தலைக்கு மேலே உயர்த்தி நின்றாள். பேச்சித்தாயின் வாய் ஏதோ வசையின் நடுவே திறந்திருந்தது. எல்லாம் நின்றிருந்தன, உலகம்மையும் அப்படியே, நிலைத்த விழியோடு நின்றாள். ஆவுடையின் நெஞ்சு ஒரு கணம் நிறைந்தது.

"யக்கா" என்றாள்.

உலகம்மை திரும்பவில்லை.

போய்விடலாம் என்று திரும்பினாள். அவளுடைய கெட்ட காலமோ பழகிப்போன ஒழுங்கோ, மாற்றியபின் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. வாடிக்கையாளருக்கான பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு அக்காளின் எதிரே உட்கார்ந்தாள். உட்கார்ந்து, அந்த உயர்ந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஓசை இல்லை. தேரடியில் ஏதோ பேருந்து வந்து, ஆளேற்றி, போயிற்று. இன்னொன்று வந்தது. அதுவும் போயிற்று. மேலே தூக்கிய கையின் சுண்டுவிரல் முதலில் அசைந்தது, பிறகு மணிக்கட்டு, பிறகு டேப்பின் தொங்கும் நுனி, காற்றே இல்லாத அந்தக் கடைக்குள், நடுங்கி ஆடத் தொடங்கியது. விழித்தபடி இருந்த கண்களில் நீர் கட்டி, நிறைந்து, கன்னத்தில் இறங்கியது.

"கை வலிக்கிட்டி" என்றாள் உலகம்மை.

உலகம்மை கையை இறக்கினாள். டேப் தரையில் விழுந்தது. தையல் முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"முகூர்த்த மாசம்... பன்னெண்டு ரவிக்கை பாக்கி... எங்க கார்டு நின்னு நின்னு போச்சு. உன்னோடதை எடுத்து வச்சா ஓடுச்சு. நாலு நாளையில மாத்திருவோம்னுதான் உங்க அத்தான் சொன்னாவ. அப்புறம் தெருவே நிக்க ஆரம்பிச்சுட்டு. எப்படிட்டி சொல்ல?"

"கேட்டிருந்தா தந்திருப்பேனே."

"தந்திருப்பே" என்றாள் உலகம்மை. "நீ தந்திருப்பே. அதனாலதான் கேக்கல."

இந்தப் பத்து மாதங்களில் தான் இந்த வாசலில் வந்து நின்று எத்தனை முறை கூப்பிட்டிருப்போம் என்றும், கூப்பிட்டுவிட்டு எதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லியிருப்போம் என்றும் ஆவுடை எண்ணிப் பார்த்தாள். தனியாக இருப்பது பயமாக இருக்கிறது என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். சொல்லி அழுதிருக்கிறாள். ஊசியில் நூல் கோக்கும் நிலையில் அக்காள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். அன்று மதியம் தூக்குச்சட்டியில் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பச்சடி இருந்திருக்கும்.

"எல்லாம் கேட்டியா?"

உலகம்மை தலைகுனிந்தாள். பிறகு விரைந்து நிமிர்ந்து தங்கையின் கையைப் பிடித்தாள். "தெருவுக்குத் தெரிஞ்சா நாங்க எந்திரிக்க முடியாதுட்டி. யார்ட்டயும் சொல்லிராத. உன் காலைப் பிடிக்கேன்."

"நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்க்கா" என்றாள் ஆவுடை. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு எழுந்தாள். நாற்காலியை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். தெருவைக் கடந்து தன் கடைக்குப் போனாள். இம்முறை பொத்தானை அழுத்தவில்லை. சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள்.

தேநீர் விழுந்தது, அச்சியந்திரங்கள் ஓடின, பூப்பந்து உருண்டது. பெட்டியைத் திறந்து, இன்னும் கொதித்துக்கொண்டிருந்த அந்தக் கார்டை உருவிக் கையில் எடுத்தபோது, எதிர்க்கடையிலிருந்து, தான் தொடங்கிய வசையைத் தொலைத்துவிட்டுத் தடுமாறும் பேச்சித்தாயின் குரல் தெரு முழுவதற்கும் கேட்டது.

"ஏ உலகம்மை, இப்பத்தானட்டி தலைக்கு மேல டேப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னே... நீ எப்பம் உக்காந்தே?"

விதி அறிந்த அந்தத் தெருவில் அச்சியந்திரங்கள் ஒவ்வொன்றாக அணைக்கப்படுவதையும், செய்யது குவளைகளைக் கீழே வைப்பதையும், தங்கப்பழம் அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு தம் கடைப்படியை விட்டு இறங்குவதையும் ஆவுடை திரும்பிப் பாராமலே கேட்டாள். அவள் யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை.